எங்களுக்குள் வழக்கு ஒன்றும் இல்லை

அந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நானும் மண்டபத்தில் இருந்தேன். கைதட்டவில்லை. பக்கத்துக் கதிரைப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒஸ்லோத் தமிழர் விழாக்களில் யார் கைதட்டினார்கள், யார் தட்டவில்லை என்று வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் கதைத்து முடித்துவிடுவார்கள். கதைக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

"எத்தனையோ இளைஞர்களுக்கு வேலை கொடுத்தவர்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். அந்த இளைஞர்களில் என் தம்பியும் ஒருவன். போர் முடிந்த பிறகு வந்தவனுக்கு இந்த ஊரில் முதல் வேலை கொடுத்தவர் அவர்தான். பொய் சொல்லக்கூடாது, கொடுத்தார். அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டதைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை.

விழா முடிவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. கட்சி அலுவலகத்தில் இருந்து ஒரு பெண். நகரசபையில் எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சையாம், மாற்று உறுப்பினர் வரிசையில் அடுத்தது நானாம். நோர்வேயில் தேர்தலில் தோற்றவர்களையும் சும்மா விடுவதில்லை, வரிசையில் நிறுத்தி வைப்பார்கள். உள்ளே ஒருவர் படுத்துவிட்டால் வெளியே நிற்பவர் போய் அதே கதிரையில் இருந்து முழு வாக்கும் போடலாம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், தொழிற்சங்கத்துக்காரர் பிடித்து இழுத்து வேட்பாளர் வரிசையின் அடியில் போட்டவர்கள். மேலே நின்றவர்களை ஏற்கனவே எடுத்துவிட்டார்கள், எனக்குப் பின்னால் ஆள் இல்லை. என்ன விசயம் வாக்குக்கு வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டு படத்துக்குச் சிரித்தார்.

விசயம் இதுதான். நகரம் தன் பணத்தில் கட்டும் பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் ஒரு வேலை உடன்படிக்கை உண்டு. தொழிற்சங்கங்களோடு பேசி நகரசபை ஏற்றுக்கொண்டது. கட்டட வேலையை எடுத்த நிறுவனம் அதில் ஒரு பங்கைத் தனக்குக் கீழே ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்த ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. வேலையாட்களில் பெரும்பாலானோர் நிரந்தரமாக இருக்கவேண்டும். இது வந்த பிறகு, மூன்றாம் கை நாலாம் கையாக வேலை எடுத்துப் பிழைத்தவர்களின் வாயில் மண் விழுந்தது. இப்போது நகர அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தது. அவசரமான கட்டடங்களுக்கு உடன்படிக்கையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை நகர அரசின் தலைவருக்குக் கொடுக்கவேண்டுமாம். வேறு நாடுகளில் மேயருக்கு உள்ள பலம் இங்கே அந்தத் தலைவருக்குத்தான். இங்கே மேயர் என்பவர் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு சபையை நடத்துகிறவர். தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், சபையைக் கேட்கத் தேவையில்லை. எது அவசரம் என்பதையும் அவரே முடிவு செய்வார்.

அந்தக் கதவு திறந்தால் முதலில் உள்ளே நுழையப்போகிறவர் பொன்னாடையோடு எனக்கு முன்னால் நின்றார்.

தம்பி அவரிடம் பெயின்ற் அடிக்கப் போனவன். ஹொல்ம்லியா பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். பெரிய நிறுவனம் ஒன்று எடுத்தது, அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் இவர். தம்பி நின்ற சாரத்தில் ஒரு பலகையை யாரும் இறுக்கவில்லை. விழுந்தான். வலக்கை உடம்புக்கும் இரும்புக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்கு முன்னம் வந்திருந்தார். மேசையில் ஒரு கூடை பழம். தம்பியின் தலைமாட்டில் இருந்துகொண்டு, காயம் படாத இடக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதையும் தங்கச்சி. தம்பி டொக்டருக்கு எல்லாம் சொல்லிப்போட்டான். வீட்டுப் பல்கனியிலை ஏணி வைச்சு லைற் பூட்டேக்கை விழுந்தது எண்டு."

"பல்கனியிலையோ?"

"பின்னை என்ன சொல்லுறது? எங்கடை ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கலாமே? விசாரணை எண்டு வந்தா எல்லாற்றை வேலையும் போம். நான் இருக்கிறன்தானே."

தம்பி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். வலியால் மூடினானா, என்னைப் பார்க்க முடியாமல் மூடினானா தெரியாது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் தமிழனைத் தமிழன் மாட்டிவிடக்கூடாது என்பது எங்களிடம் எழுதாத சட்டம். சொந்தக் கையை விட அது பெரிதாகிவிட்டது அவனுக்கு. வேலையிடத்தில் விழுந்தவனுக்கு இந்த நாடு கடைசிவரை பொறுப்பு எடுக்கும். பல்கனியில் விழுந்தவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், அவன் வாயைத் திறக்கவில்லை. டொக்டருக்குப் பொய் சொன்னவன் என்ற பெயர் வரும் என்று பயந்தான்.

நான் இருக்கிறேன் என்றவர் இருக்கத்தான் செய்தார். கோயில் நிர்வாகத்தில் இருந்தார், விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுக்க இருந்தார், கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருந்தார். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை.

தம்பியின் வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. புட்டையும் மீன்குழம்பையும் பிசைந்து ஒரு பிடி பிடிப்பவன் இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறான். அதையும் பழகிக்கொண்டோம். பழக முடியாதது ஒன்று நடந்தது.

தம்பியின் மகளுக்கு ஏடு தொடக்க விஜயதசமிக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எங்கள் குடும்பத்தில் தகப்பன்தான் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிப்பது. தம்பி சப்பணம் கட்டி உட்கார்ந்தான், பிள்ளையை மடியில் வைத்தான், கையைக் கொண்டுபோனான். விரல் பிடிக்கவில்லை. பிள்ளையின் சின்ன விரல் நழுவி நழுவிப் போனது. இடக்கையை எடுத்தான், ஐயர் தயங்கினார். அப்போது முன்வரிசையில் இருந்து அவர் எழுந்து வந்தார். "குடுங்கோ பிள்ளையை, நான் பிடிக்கிறன்" என்றார். பிள்ளையைத் தன் மடிக்கு எடுத்து, விரலைப் பிடித்து, அழகாக அகரம் எழுதுவித்தார். என்ன பெருந்தன்மை என்று பின்னால் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. தம்பி வலக்கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான்.

அன்றோடு நான் அந்தக் குடும்பத்துடன் நன்மை தீமையை நிறுத்தினேன். கோபத்தில் கதைக்காமல் விடுவது எங்களிடம் சாதாரணம். கதைக்காதவர்களும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போவார்கள். நன்மை தீமை இல்லை என்றால் பிறகு ஒன்றும் இல்லை. அவர் பாடையில் போனாலும் நான் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று கோயில் வாசலில் செருப்புப் போடும்போதே முடிவெடுத்தேன். அதோடு இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நாள் வரும்.

வந்துவிட்டது. முதலில் எனக்கு ஆசை பேச்சில்தான் இருந்தது. சபை மேடையில் ஏறி, அவர் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடத்தைச் சொல்லி, அரிசித் தட்டு வரைக்கும் சொல்லி இந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிடவேண்டும். முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டிக்கொண்டே மனதுக்குள் பேசிப் பார்த்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவள். நோர்வே மொழியை அங்கே பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்களிடம்தான் படித்தேன். வடக்குக்காரர் வாய் பொல்லாதது என்று ஒஸ்லோக்காரர் சொல்வார்கள். அந்த வாயை அன்றைக்குத்தான் உருப்படியாகப் பாவிக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் சபைக்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு விசயத்தில் உறுப்பினருக்குச் சொந்தச் சம்பந்தம் இருந்தால், வாக்கெடுப்பின்போது எழுந்து வெளியே போகவேண்டும். சபையின் சட்ட அலுவலரிடம் போய்க் கேட்டேன். இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிற கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரோடு எங்கள் குடும்பத்துக்குப் பேச்சு இல்லை, நான் வாக்களிக்கலாமா? அவர் சிரித்தார். இது நகரம் முழுவதற்குமான விதி, ஒருவரோடு பேச்சு இல்லாதது சம்பந்தம் ஆகாது, தானும் மேல்வீட்டுக்காரனோடு பேசுவதில்லை என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவருடைய வேலையிடம் தொடர்பாக உங்கள் குடும்பத்துக்கும் அவருக்கும் ஏதாவது வழக்கோ முறைப்பாடோ இருக்கிறதா? இருந்தால் அது வேறு கதை."

"இல்லை" என்றேன்.

உண்மைதானே. என் தம்பி பல்கனியில் அல்லவா விழுந்தவன்.

படி இறங்கும்போது சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. மேடையில் நான் அவரைக் கிழித்தால் என் கை சபைக்கு வெளியே போய்விடும். வாயை மூடிக்கொண்டால் கை உள்ளே இருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்ற விசயத்தில் ஒரு கை என்பது சின்ன விசயம் இல்லை. நான் மனதில் கட்டி வைத்த பேச்சு முழுவதையும் ரயிலில் வரும்போதே கைவிட்டேன். கசந்தது.

வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மாம்பழம். தம்பி கீழ்மாடியில் இருக்கிறான், அன்று எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தான். இடக்கையில் கரண்டியோடு மேசையில் இருந்தவன் அவரைக் கண்டதும் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தினை வருசம் தங்கச்சி. பழசுகளைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது" என்றார் அவர்.

"இருங்கோ அண்ணை" என்றேன். தேத்தண்ணி வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டால் அதற்குப் பிறகு செருப்புத்தான் மிச்சம். அவருக்கும் அது விளங்கியது. குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"புதன்கிழமை நீரும் சபையிலை இருக்கிறீராம். எங்கடை பிள்ளை ஒண்டு அங்கை இருக்கிறது எங்களுக்கெல்லாம் பெருமை. நான் ஒண்டும் எனக்காகக் கேக்கேல்லை. பெரிய கொம்பனியள் இந்த உடன்படிக்கையைக் காட்டித்தான் எங்களை உள்ளை விடுறாங்கள் இல்லை. தலைவரின்ரை கையிலை அதிகாரம் இருந்தா எங்கடை ஆக்களும் முன்னுக்கு வரலாம்."

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. சின்ன நிறுவனங்கள், வெளிநாட்டுப் பெயர் கொண்ட நிறுவனங்கள் வாசலிலேயே நிற்பதை நானும் கண்டிருக்கிறேன். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். இவர் வாயில் இருந்து வந்ததால் யோசிக்கவில்லை.

"எனக்கொரு சந்தேகம் அண்ணை. எனக்கும் உங்களுக்கும் ஏதும் பிரச்சினை எண்டு ஆரும் சபையிலை சொன்னால், என்னை வெளியிலை அனுப்பிப்போடுவினம். நான் கை தூக்கேலாது. நீங்களே சொல்லலாம். ஒரு மெயில் காணும்."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன பிரச்சினை?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கிறன். உங்கடை வேலையிடத்திலை எங்கடை ஆக்களுக்கு ஏதும் நடந்ததோ?"

தம்பியின் கரண்டி கோப்பையில் பட்டு நின்றது. அவர் தம்பியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு தன் மாம்பழப் பெட்டியைப் பார்த்தார். என்னை வெளியே தள்ள அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. சாரத்தில் இருந்து ஒருவன் விழுந்தான் என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். அது சுடுவதை நான் கண்முன்னால் இருந்து பார்த்தேன், ஒரு நொடியும் தவறவிடவில்லை.

"எங்களுக்குள்ளை என்ன கிடக்கு?" என்றார் கடைசியில். "தம்பி வீட்டிலைதானே விழுந்தவர்."

"ஓம். பல்கனியிலை."

அவர் எழுந்தார். சப்பாத்துப் போட்டுக் கதவைத் திறந்தபோது பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதை மறந்துபோட்டுப் போறியள் அண்ணை" என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.

கதவு சாத்திய பிறகும் தம்பி சாப்பிடவில்லை. அத்தனை வருசமும் அந்தப் பொய்யைத் தானே சொல்லி வந்தவன், அவர் தன் முகத்துக்கு நேரே இருந்து சொன்னதை அன்றுதான் கேட்டான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, நான் சொல்லப்போறன். வேலைப் பாதுகாப்புக் கந்தோருக்கு நாளைக்கே போன் பண்ணிச் சொல்லப்போறன்."

இதைக் கேட்க எத்தனை காலம் கெஞ்சியிருப்பேன். அப்படியே கட்டிப்பிடித்திருக்க வேண்டும். "பொறு" என்றேன். "நாளைக்கு நீ சொன்னால் நாளைக்கே வழக்கு வந்திடும். வழக்கு வந்தால் என்ரை கை போயிடும். புதன் முடியட்டும். வியாழன் விடியச் சொல்லு."

அவன் யோசித்தான். "அவருக்கு ரெண்டு அடியும் விழவேணும் எண்டுறியள்."

"ஓம். ரெண்டும்."

முதல்முறையாகச் சிரித்தான். இது நேர்மையா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் வாயில் பொய்யை ஊட்டியவரோடு நேர்மை பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

புதன்கிழமை நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு, மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். நகரசபை மண்டபத்தில் எனக்குக் கொடுத்த கதிரையில் இருந்து பார்த்தால் மேலே பார்வையாளர் வரிசை தெரியும். அவர் அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

விவாதம் நீண்டது. ஆதரித்த ஒருவர் நன்றாகவே பேசினார். பள்ளிக்கூடம் கட்டி முடியாததால் பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படிக்கிறார்கள், தலைவரின் கையைக் கட்டிவைத்துவிட்டு ஏன் வேலை முடியவில்லை என்று கேட்கிறீர்கள் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண், சபை போட்ட உடன்படிக்கையைச் சபைதான் தளர்த்தலாம், ஒருவரின் பேனாவுக்கு அந்த உரிமையைக் கொடுத்தால் பிறகு நாங்கள் எதற்கு என்றாள். என் முறை வந்தது. எழுந்து போனேன். வடக்குக்காரர் பேச்சில் நான் வாயைத் திறந்ததும் சிலர் புன்னகைத்தார்கள். சேலைக்கும் அந்தப் பேச்சுக்கும் பொருத்தம் இல்லை என்று அவர்களுக்கு.

"எனக்கு ஒரு கேள்விதான்" என்றேன். "உடன்படிக்கையை நிறுத்திவைக்கத் தலைவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கட்டடத்தில் நாலாம் கையிடம் வேலை செய்கிற ஒருவர் விழுகிறார். தலைவர் ஆஸ்பத்திரிக்கு வருவாரா?"

யார் பழக்கூடையோடு வருவார் என்பது நாக்கு நுனியில் நின்றது. மேலே அவர் கைப்பேசியை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டு வந்து என் கதிரையில் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய சொற்களில் அதுதான் பெரியது.

தீர்மானத்தை எதிர்ப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார் மேயர். வலக்கையை உயர்த்தினேன். ஐந்து விரலையும் நன்றாக விரித்து, சபையைப் பார்க்காமல் மேலே அவரைப் பார்த்து உயர்த்தினேன். எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். தீர்மானம் ஒரு கையால் விழுந்தது. நான் வெளியே போயிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகி, அந்தப் பக்கத்து மேயரின் வாக்கே முடிவு செய்திருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சந்தோசமாக இருந்தது. பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்குத் தீர்க்கப் பழி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

படிக்கட்டின் அடியில் அவர் நின்றார். "இப்ப மனம் ஆறிச்சுதோ தங்கச்சி? கணக்குச் சரியோ?" என்றார்.

"எங்களுக்குள்ளை என்ன அண்ணை கிடக்கு?" என்றேன். குளிர்ச்சட்டையைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.

வியாழன் காலை தம்பி மேலே வந்தான். சவரம் எடுத்து, நல்ல சேட்டுப் போட்டிருந்தான். மகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்திருந்தான். கைப்பேசியை மேசையில் வைத்து, இடக்கை விரலால் இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டான். மறுபக்கம் ஒரு பெண் குரல், பொறுமையான குரல். என்ன நடந்தது என்று கேட்டாள்.

"நான் வீட்டில் விழவில்லை" என்றான் தம்பி, நோர்வே மொழியில். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சாரத்தைச் சொன்னான், பலகையைச் சொன்னான், பழக்கூடையைச் சொன்னான்.

யாரிடம் வேலை செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவன் பெயரைச் சொன்னான். தமிழ்ப் பெயர், அவளுக்கு விளங்கவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். மடங்காத வலக்கையை மேசையில் நீட்டி வைத்துக்கொண்டான். பிறகு, தன் மகளுக்கு விரல் பிடித்து அகரம் எழுதுவித்தவரின் பெயரை, முதல் எழுத்தில் இருந்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.